ஆறாவது காலம்

மாவட்ட ஆபீஸிலிருந்து ஒரு படிவம்.
வெள்ளி மாலைக்குள் போய்ச் சேர வேண்டும்.
ஆறாவது காலம்:
ஒரு பல்லுக்கு ஆன செலவு,
பைசா சுத்தமாக.

எழுமலை ரோட்டில் எங்கள் சுகாதார நிலையம்.
பல் நாற்காலி ஒன்று உண்டு.
விளக்கைத் தட்டினால் எரியும்.
கம்ப்ரசர் ஆவணியில் நின்றது.
சிம்மக்கல் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு
வண்டிச் சத்தம் தனி என்றார்.
மூன்று கொட்டேஷன் கேட்கிறது விதி.
ஒன்று அவர் கொடுத்தார்,
இன்னொன்றும் அவரே கொடுத்தார், மைத்துனர் பெயரில்.
மூன்றாவதைத் தேடுவதற்குள்
தை பிறந்துவிட்டது.
காற்று பிறக்கவில்லை.

காற்றில்லாமல் டிரில் சுழலாது.
சொத்தையைக் குடைந்து அடைக்க முடியாது.
பிடுங்கலாம்.
அதற்குக் கரண்டுகூட வேண்டாம்,
டாக்டர் ஷெரினின் மணிக்கட்டு போதும்.

கால்குலேட்டரை எடுத்தேன்.
மரப்பு மருந்து இருபத்திரண்டு.
கையுறை ஏழு.
பஞ்சுக்கு நாலு என்று நானாக வைத்தேன்.
கொறடு அவிக்கிற கரண்டு
பிரசவ வார்டு மீட்டரோடு சேர்ந்து ஓடுகிறது,
எந்தக் குழந்தையிடமிருந்து அதைக் கழிப்பது?
டாக்டர் சம்பளத்தைப் பிடுங்கிய பற்களால் வகுத்தேன்.
கூடுதலாகப் பிடுங்கப் பிடுங்க
பல் மலிவாகிக்கொண்டே போனது.
இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன்.
அப்படித்தான் வந்தது.

அடைத்துக் காப்பாற்றிய பல்லுக்கு
படிவத்தில் இடமே இல்லை.

அன்றைக்குத்தான் ஒச்சம்மா வந்திருந்தாள்,
தொட்டப்பநாயக்கனூர்ப் பக்கம், கடலை மில்லில் கூலி.
வந்தது மூன்றாவது முறை.
முதல் நாள் டாக்டர் பள்ளிக்கூட முகாமுக்குப் போயிருந்தார்.
அடுத்த தரம் பிரஷர் ஏறியிருந்தது,
மாத்திரை போட்டு வா என்று அனுப்பினோம்.
பஸ் இலவசம்தான்,
அந்த பஸ் வந்தால்.

என் மேசை முன்னால் நின்று
விரலை மடக்கினாள்:
"மூணு நாள் சம்பளம் ஆயிரத்தைம்பது.
ஆட்டோ அறுவது.
மெடிக்கல்ல கலர் மாத்திரை தொண்ணூறு.
ஆயிரத்து எரநூறு ஆச்சு சார்,
பல்லு இன்னும் வாயிலதான் இருக்கு."

ஆபீஸ் தமிழில் கட்டத்துக்குக் காலம் என்றுதான் பெயர்.
ஒச்சம்மாவின் மூன்று நாளை
எந்தக் காலத்தில் எழுதுவது?

ஷெரின் கண்ணாடிக் குச்சியை வைத்துப் பார்த்தார்.
நல்ல பல்லும்மா, அடைச்சா இருவது வருஷம் வரும்,
இங்க காத்து இல்ல,
மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தரட்டுமா?
"அதுக்கு எத்தன நாளு?"
டாக்டர் பதில் சொல்லவில்லை.
பெட்ஷீட் போர்த்தியிருந்த கம்ப்ரசரைப் பார்த்தார்,
வீட்டில் படுத்துக் கிடக்கும் யாரையோ பார்ப்பது மாதிரி.
"புடுங்கிருங்க டாக்டரு. நாளைக்கு லோடு வருது."

தட்டில் விழுந்த சத்தம்
என் மேசை வரைக்கும் கேட்டது.
மடியில் முடிந்துகொள்ளக் கேட்டாள்.
கூடாதும்மா, மஞ்சள் பையில்தான் போடணும்,
கிலோக் கணக்கில் எடுத்துப் போக வண்டி வரும் என்றோம்.
அந்த வண்டிக்கும் பில் உண்டு.
அதைக் கூட்ட மறந்திருந்தேன்,
கூட்டினேன்.

இருநூற்று முப்பத்து நாலு ரூபாய் ஐம்பது பைசா.
சீல் வைத்து அனுப்பினேன்.

பங்குனியில் பதில் வந்தது.
சென்ற ஆண்டு முந்நூற்றுப் பத்தாக இருந்த செலவை
இவ்வளவு குறைத்ததற்குப் பாராட்டு.
கடைப்பிடித்த வழிமுறையை
மற்ற வட்டாரங்களுக்கும் எழுதி அனுப்பவும்.

ஷெரின் அதை வாசித்துவிட்டு
நாலாக மடித்து
ஆடிக்கொண்டிருந்த நாற்காலியின் காலுக்கடியில் செருகினார்.
அன்று நாற்காலி ஆடவில்லை.

அதே வாரம் ஒச்சம்மா பிரஷர் மாத்திரைக்கு வந்தாள்.
இப்போதெல்லாம் வலது பக்கம்தான் மெல்லுகிறாளாம்.
அந்தப் பக்கமும் கூசத் தொடங்கிவிட்டதாம்.
சீட்டை நீட்டிக்கொண்டே
உள்ளே எட்டிப் பார்த்தாள்.
"காத்து வந்துருச்சா சார்?"